பரிசு வாங்கிய ஜன்னல்

கன்னியம்மா கதவைத் திறந்ததும் லோகநாயகி டீச்சர், கையிலிருந்த சட்டம் போட்ட புகைப்படத்தை அவள் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினாள். "உங்க பொண்ணு எடுத்ததும்மா. மாவட்டத்துலயே முதல் பரிசு!"

கன்னியம்மா படத்தைப் பார்க்கவில்லை. டீச்சரின் தோளுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். "நீங்க மட்டுந்தான் வந்தீங்களா டீச்சர்?"

"ஆமா. செங்கல்பட்டுல பஸ் ஏறி நேரா இங்கதான் வரேன். இந்த சந்தோஷத்தை போன்ல சொல்ல மனசு வரலை."

"வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க."

கருங்குழியில் அந்த வீட்டுக்கு டீச்சர் வருவது இதுதான் முதல் தடவை. கொரோனாவில் பள்ளியை மூடியபோது, கணக்கும் அறிவியலும் போனில் நடந்தால் போதும், ஓவியம் எதற்கு என்றார்கள். அவள் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு வாட்ஸப்பிலேயே ஓவியமும் புகைப்படமும் சொல்லித்தர ஆரம்பித்தாள். வெளிச்சம், நிழல், நிறம் என்று வாரம் ஒரு பாடம். வீட்டில் இருப்பதை வைத்தே படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

கன்னியம்மாவின் பெண் ஜெயப்பிரியா மட்டும் சேரவில்லை. விசாரித்தால், வீட்டில் பட்டன் போன்தான். டீச்சரே கன்னியம்மாவைக் கூப்பிட்டுப் பேசினாள். "நல்லா வரையற பொண்ணும்மா. சொந்தத்துல யார்கிட்டயாவது பெரிய போன் இருந்தா அங்க அனுப்பி வையுங்க. படிப்பு கெடக்கூடாது."

கன்னியம்மாவின் தம்பி குமார் மாமல்லபுரத்தில் ஓட்டல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் நல்ல போன் இருந்தது. பெண் மாமா வீட்டுக்குப் போனாள்.

அங்கிருந்து வந்த படங்கள் டீச்சரைத் திகைக்க வைத்தன. ஈர மணலில் காக்கையின் கால் தடம். சமையல் புகைக்குள் கோடாக இறங்கும் வெயில். 'கைகள்' என்று ஒரு வாரம் பாடம் கொடுத்தபோது, மாவு அப்பிய தன் கைகளையே எடுத்து அனுப்பியிருந்தாள். முழங்கை வரை சிவப்புக் கண்ணாடி வளையல். 'கண் வளையலுக்கே போகுது. கழற்றிட்டு எடும்மா' என்று டீச்சர் பதில் போட்டாள். மறுபடி வந்த படத்திலும் அதே வளையல். பிடிவாதக்காரி, தனக்கென்று ஒரு பாணி பிடித்துவிட்டாள் என்று டீச்சருக்குப் பெருமைதான்.

பரிசு வாங்கிய படத்தில் இருந்தது ஒரு ஜன்னல். பாதி சாத்தியிருந்தது. கம்பிகளுக்கு அப்பால், எங்கோ தூரத்தில், விரல் அகலத்துக்குக் கடல். அவ்வளவு பெரிய கடலை இவ்வளவு சின்னதாகக் காட்ட ஒரு துணிச்சல் வேண்டும் என்று நடுவர்கள் வியந்தார்களாம்.

கன்னியம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையில மாமல்லபுரத்துல விழா" என்றாள் டீச்சர். "மேடையில வச்சு கேமரா பரிசா குடுக்கறாங்க. போன் இல்லம்மா, நிஜக் கேமரா! அவகூட நீங்களும் வரணும்."

"பேப்பர்ல போடுவாங்களா டீச்சர்?"

"பின்ன? போட்டோ, பேரு, வயசு எல்லாம் வரும்."

"வயசுமா?"

டீச்சர் சிரித்தாள். "பதினாலு வயசுல இப்படி எடுத்திருக்கான்னு சொன்னாதானே பெருமை!"

கன்னியம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "வேணாம் டீச்சர். வேற பொண்ணு யாருக்குனா குட்த்துடுங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "என்னம்மா பேசறீங்க? இந்தப் பொண்ணைக் கலைக் கல்லூரியில சேர்க்கிற வரைக்கும் நான் ஓயப்போறதில்லைன்னு இருக்கேன். பள்ளிக்கூடம் தொறந்தும் அவளை அனுப்பல. கேட்டா மாமா வூட்ல இருக்கா, மாமா வூட்ல இருக்கான்றீங்க. இன்னும் எத்தனை நாளைக்கு?"

"அங்கியே இருந்துட்டா டீச்சர். நீங்க சொன்னீங்கன்னுதான் அனுப்பிச்சேன்."

அதை நன்றி என்றே டீச்சர் எடுத்துக்கொண்டாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "அதனாலதானே இன்னிக்கு மாவட்டத்துல முதலா வந்திருக்கா? ஒரே ஒரு நாள்மா. காலையில மேடையில நின்னு வாங்கிட்டு வந்துடட்டும்."

"நான் இன்னா செய்ய முடியும்? அவ மாமா வுட மாட்டாரு."

"ஏன் விட மாட்டாராம்?"

"வெளிய வாசல்ல போனா அவருக்குப் புடிக்காது. போனைக்கூட வாங்கி வச்சிகினாரு."

டீச்சர் கோபத்தோடு எழுந்தாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தை எடுத்துக் கன்னியம்மாவின் கையில் திணித்தாள். "முதல்ல இதைப் பாருங்க! இப்படி ஒரு பொண்ணை அடைச்சு வைக்க அவர் யாரு?"

கன்னியம்மா அப்போதுதான் படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணாடிமேல் ஒரு சொட்டு விழுந்தது. அவசரமாக அதைப் புறங்கையால் துடைத்தாள்.

"அழாதீங்க" என்றாள் டீச்சர். "உங்க கூடப்பிறந்த தம்பிதானே? அக்கா நீங்க ஒரு அதட்டு அதட்டினா கேக்க மாட்டாரா? போனைப் போடுங்க, நானும் பேசறேன்."

கன்னியம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"அப்ப தம்பி டீச்சர். இப்ப எங்க வூட்டு மாப்ள."