மறிக்கிற ஆள்

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத்தான் நினைத்தேன். கற்பூரம் தீர்ந்துவிட்டது. எரிகிற அடுப்பை அணைத்துச் செய்கிறேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

சோறு அரைவேக்காட்டில் நிற்கிறது. நிற்கட்டும்.

அவள் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைத்துவிட்டாள்.

இன்னொரு கால் ஊருக்குள் இருந்தது. இடுப்பில் சட்டி. பின்னால் பதினோரு பெண்கள், ஒப்பாரி வைத்தபடி.

மழை வராவிட்டால் எங்கள் ஊரில் இப்படித்தான். பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பழைய சோறு வாங்குவார்கள். ஒரே சட்டியில் கொட்டிப் பிசைந்து, எல்லையில் உட்கார்ந்து உப்பில்லாமல் தின்பார்கள். பிறகு, பிழைக்க வழியில்லை, ஊரைவிட்டுப் போகிறோம் என்று அழுதுகொண்டு கிளம்புவார்கள். ஓர் ஆண்பிள்ளை ஓடிப்போய் மறித்து, போகாதீங்க, மழை வரும் என்று சொல்ல வேண்டும். திரும்பிவிடுவார்கள். இதைப் பார்த்து வானத்துக்கு மனம் இளகுமாம்.

வானத்துக்கு மனமாம்.

அந்த வருடம் மறிக்கிற வேலை எனக்கு வந்தது. வாய் கூசாமல் அப்படிச் சொல்லக்கூடிய ஆள் ஊரில் நான் ஒருவன்தான் என்று முடிவு செய்திருந்தார்கள்.

சட்டி சுமந்தவள் என் சம்சாரம் பாவாத்தாள்.

அக்கினி நட்சத்திரம் ஆறாம் நாள். எங்கள் ஊர் நிழல்கள் காலை பத்து மணிக்கே வீட்டுக்குள் வந்து கயிற்றுக்கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டன. காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போய்வந்தன. டிக்கெட் எடுத்தனவா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கண்டக்டர் இல்லை.

கழுதைக்குக் கல்யாணம் செய்தும் பார்த்திருந்தார்கள். கழுதைகள் இன்றும் ஒற்றுமையாகத்தான் இருக்கின்றன. மழைதான் வரவில்லை.

தினம் மூன்று மணிக்கு மேகம் ஒன்று வரும். உறுமும். எங்கள் ஊரைக் கண்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆற்றைத் தாண்டிப் போய் அக்கரையில் பெய்யும். அக்கரைக்காரர்கள் யோக்கியர்களாம். எனக்குத் தெரியும் அவர்களை.

அன்று அந்த மேகமும் வரவில்லை.

நான் வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட மேகத்திடமா, பெண்களை அழவிட்டுப் பிச்சை கேட்பது?

"மாமோவ், வெரசா வந்து மறிங்க. காலு பொரியுதுங்" என்றாள் ஒருத்தி, ஒப்பாரிக்கு நடுவே.

நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினேன்.

கால்மணி நேரத்தில் அழுகை தீர்ந்துபோயிற்று. பதினோரு பேரும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, என்னைத் திட்டியபடி, யாரும் மறிக்காமலே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

பஞ்சம் பிழைக்கப் போகிற லட்சணம் இதுதான்.

பாவாத்தாள் மட்டும் நின்றாள்.

"ஏனுங்க, ஒரே ஒரு சொல்லு. போவாதேன்னு சொல்ல வாய் வலிக்குதுங்களா?"

"மழை வருமுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"கண்ணாலமான நாள்ல இருந்து பொய்யாத்தான சொல்லிக்கிட்டிருக்கறீங்க. இன்னைக்கு மட்டும் நெசம் பேசற ஆளாயிட்டீங்களாக்கும்?"

பாக்கை வாயில் போட்டேன்.

"செரி. மழை பேஞ்சா வாறேன். பேயாட்டி எங்கண்ணன் ஊட்டோட இருந்துக்கறேன். இது அழுது காட்டறதுக்குச் சொல்றதில்லீங்க."

இன்னொரு காலையும் எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள்.

ஒற்றைப் பனை வரை போனாள். நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

என் வாய் நிறைய வெற்றிலைச் சாறு. பேச வசதிப்படவில்லை.

போனாள்.

அவள் தலை வளைவில் மறைந்ததும் இடித்தது.

முதல் துளி விழுந்தது. என் கிணறு நிறைந்தது.

இரண்டாவது துளிக்குக் குளம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது துளி பாதி வழியில் வரும்போதே கையைக் காட்டி நிறுத்தினேன். அது இன்னும் பனைக்கு மேலே அப்படியே நிற்கிறது. கண் நன்றாக இருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம்.

மேகம் தரைக்கு இறங்கி வந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்றது.

தெரியாமலாம். ஏழு மாதமாகத் தெரியாமல்.

நான் முகம் கொடுக்கவில்லை. வந்த வழியே போகச் சொன்னேன். போகும்போது மரத்தில் முட்டிக்கொண்டது.

பாவாத்தாள் சொன்ன சொல் தவறாதவள். மழை பெய்தால் வருகிறேன் என்றாள், வந்தாள். நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு, அதே பனையைத் தாண்டி, அதே எல்லைக்கல்லைத் தாண்டி. சட்டி நிறையத் தண்ணீர். நான் கூப்பிடவில்லை. அவளாகத்தான் வந்தாள். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவள் அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு வடித்தாள். உப்புப் போட்டுப் பிசைந்து தந்தாள்.

நானும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இனிப் போவாத" என்றேன்.

அவளுக்கு நன்றாகக் கேட்டது.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது.

அந்த வருடம் எங்கள் ஊரில் மழை பெய்யவில்லை.