ஸ்டெல்லாவின் தனிவாசல்

இருட்டிய பிறகு 'டொக்... டொக்' என்று ஒரு சத்தம். சுண்டெலி ஸ்டெல்லா தன் மூன்று குட்டிகளையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். வரப்போரம் வரிசையாக இருந்த வளைகளில் ஒன்றுக்கு அன்றைக்குத்தான் குடிவந்திருந்தாள். வெளியே பூனை நடமாட்டம் வேறு.

நடுச்சுவரைத் தட்டினாள். "பிலோமினாக்கா, அது என்ன சத்தம்?"

"உன் வாசக்கதவுதாண்டி, காத்துல அடிச்சுக்குது," என்றாள் அடுத்த வளைப் பெருச்சாளி.

"இன்னுமா சாத்தலை? இங்க யாரு வந்து சாத்துவாங்கக்கா?"

பிலோமினா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஸ்டெல்லா கேட்டதிலும் தப்பில்லை. இதுவரை அவள் இருந்தது மரப்பொந்தில். இருபது குடும்பத்துக்கும் ஒரே வாசல். பொழுது சாய்ந்தால் காவல்கார ஓணான் வந்து சாத்திவிடுவார். ஒழுகினால் எல்லாரும் சேர்ந்து அடைப்பார்கள். குட்டிகள் ஓடினால் மட்டும் கீழ்ப்பொந்து அணில் சண்டைக்கு வருவாள். அந்த ஏச்சு தாங்காமல்தான் தனிவாசல் தேடி வந்தாள்.

"இங்க இந்தச் சுவர் மட்டும்தாண்டி நமக்குப் பொது. உன் பிள்ளைங்க எவ்வளவு குதிச்சாலும் கேக்க ஆளில்லை. கூரை ஒழுகினா அடைக்கவும் ஆளில்லை, நீதான்."

"அப்போ பூனை வந்தா?"

"வாயாடிட்டே இரு, அது உள்ள வந்து பதில் சொல்லும். எழுந்து போடி!"

பழக்கதோஷம், ஒரு நிமிஷம் ஓணான் வருகிறாரா என்று பார்த்தாள். பிறகு குட்டிகளை வைக்கோலில் கிடத்திவிட்டு, சுவரைத் தடவித் தடவி வாசலுக்குப் போனாள். பூனை வாடை மூக்கில் ஏறியது. கதவை இழுத்துச் சாத்தி, பின்னங்கால்களில் எம்பி நின்று, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.