திரும்பவும்

பாடகர் குழு பாடி முடிக்கும்வரை, தாளில் இல்லாத ஒரு சொல்லை அந்த ஆலயத்தில் எவரும் உரக்கச் சொல்வதில்லை. அப்படியொரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. முன்பொரு முறை, பாட்டின் நடுவே ஜன்னலைச் சாத்தச் சொன்னவரைக் குழுத் தலைவர் பார்த்த பார்வையே விதியாக நிலைத்துவிட்டது. கிசுகிசுப்புக்கு மட்டும் தடையில்லை.

ஆகவே, புதிதாக மெட்டமைக்கப்பட்ட நன்றிச் சங்கீதத்தைக் குழு ஒன்பதாவது முறையாக முதல் அடியிலிருந்து தொடங்கியபோதும் யாரும் வாய் திறக்கவில்லை. மெட்டமைத்த மருந்துக்கடைக்காரர் மட்டும் முன்வரிசையில் எழுந்து நின்று, வலது உள்ளங்கையை மேலும் கீழுமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மனுஷன் பரவசத்துல இருக்காரு," என்று கிசுகிசுத்தார் பின்வரிசைத் தையல்காரர்.

"இருக்காதா பின்னே? சங்கீதத்துக்கே சங்கீதம் போட்டிருக்காரே!" என்றாள் அவர் மனைவி. "ஏழு மாசமா இதே நினைப்புதான். எனக்கு மாத்திரை கவர்ல 'ச ரி க'ன்னு எழுதிக் குடுத்தாரு. மூணு வேளைன்னு நினைச்சு முழுங்கிட்டேன்."

குழுத் தலைவர் வேறு யாருமல்லர், மருந்துக்கடைக்காரரின் மாமனார். திருமணமாகி நான்கு ஆண்டுகள் கடந்தும் அவர் மருமகனை 'மாப்பிள்ளை' என்று அழைத்ததில்லை. 'மருந்துக்கடை' என்றே குறிப்பிடுவார்.

போன வாரம்தான் மகளிடம் சொல்லியிருந்தார். "இந்த ஒரு பாட்டு நல்லபடியா முடியட்டும், என் வாயால மாப்பிள்ளைன்னு கூப்பிடுறேன். சொதப்பிச்சுன்னா, அப்புறம் உன் மருந்துக்கடை பாட்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்கக்கூடாது."

மகள் அன்றே கணவனிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். "பாட்டு முடியிறவரைக்கும் எழுந்து அப்பாகிட்ட போகவும் கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது. என்ன நடந்தாலும் சரி."

ஒத்திகைகளில் மாமனார் உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி, எவரையும் நான்காம் அடியைத் தாண்ட விட்டதில்லை. முழுப் பாட்டும் இன்று காலைதான் குழுவின் கைக்கு வந்தது. வழக்கமாகப் பழைய அறிவிப்புகளின் பின்புறத்தில்தான் பாட்டு அச்சாகும். கணவனின் முதல் பாட்டு என்பதால் மகள் தானே தட்டச்சு செய்து, புத்தம்புதுத் தாளில் எடுத்து வந்திருந்தாள்.

எட்டாம் அடிக்குக் கீழே, வலது ஓரத்தில், ஒரே ஒரு சொல் இருந்தது: 'திரும்பவும்'.

குழுவும் திரும்பவும் பாடியது.

பதினோராம் முறையில் சபையார் ஒவ்வொருவராக எழுந்து, மருந்துக்கடைக்காரரைப் பார்த்துத் தாங்களும் உள்ளங்கையைப் புரட்டத் தொடங்கினர். அவர் பதறிப்போய் இரண்டு கைகளாலும் புரட்டினார். முந்நூறு பேரும் இரண்டு கைகளுக்கு மாறினர்.

போதகர் ஆலயப் பணியாளரின் காதருகே குனிந்தார். "புரியுதா? மேல புரட்டினா வாங்குறது, கீழ புரட்டினா குடுக்குறது. நன்றிக்கு முடிவே கிடையாதுன்னு சொல்லாம சொல்றாரு. நான் பிரசங்கத்தையே மாத்திக்கப் போறேன்."

"அதெல்லாம் சரிங்கய்யா. நன்றிச் சங்கீதம்னு தலைப்புல இருக்கு. நன்றிங்கற வார்த்தையே இன்னும் வரலையே?"

"அதுலதான்யா கலையே இருக்கு!"

பதினான்காம் முறையில், ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த பல் மருத்துவருக்குக் கால் மரத்துப்போனது. "தலைவரே, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று முனகினார்.

"தாள்ல 'திரும்பவும்'னு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"எத்தனை தடவைன்னு இருக்கா?"

"இல்லையே."

"அப்ப வாசிங்க!"

குழுவின் இரண்டாம் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்த மகளின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. தாளின் கீழ் ஓரத்தை விட்டு அவள் பார்வை அசையவில்லை.

"புருஷன் பாட்டுல அப்படியே உருகிட்டா, பாவம்," என்றாள் தையல்காரர் மனைவி, இரண்டு கைகளையும் புரட்டியபடி.

பதினெட்டாம் முறையின் முடிவில் உச்சக்குரல் பாடும் மூவரில் இருவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. குழுத் தலைவர் முதல்முறையாகச் சபையின் பக்கம் திரும்பினார். சபை முழுவதும் உள்ளங்கையைப் புரட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் தலைமை தாங்கி, வியர்த்து வழிந்தபடி, அவருடைய மருமகன் நின்றிருந்தார்.

"என் பாடகர் குழுவையே கேலி பண்றாரா உன் மருந்துக்கடை?" என்று மகளிடம் சீறினார், கிசுகிசுப்பின் எல்லைக்குள்ளாகவே. "வீட்டுக்கு வரட்டும், இருக்கு!"

பத்தொன்பதாம் முறைக்கு அவர் கையை உயர்த்தினார். ஆர்கன் முனகத் தொடங்கியது. அப்போது, எந்தத் தாளிலும் இல்லாத சொற்களுடன், ஆலயத்தின் கடைசி வரிசை வரை கேட்கும்படி ஒரு குரல் எழுந்தது.

"அவரைத் திட்டாதீங்கப்பா, ஒரு எழுத்தைத் தப்பா அடிச்சது நான்தான்! அது 'திரும்பவும்' இல்ல, 'திருப்பவும்'. நன்றியெல்லாம் பின்பக்கம் இருக்கு, தாளைத் திருப்புங்க!"