படிச்சிட்டுப் போயிடுவாங்க

“அனுப்புங்க அக்கா, நல்லா படிக்க அனுப்புங்க! முடிச்ச மறுநாளே பக்கத்துத் தெரு கம்பெனிக்காரன் கொத்திக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து பெட்டி ஒட்ட வேண்டியதுதான்.”

தம்பி அரசாங்கச் சுற்றறிக்கையை மேசையில் வீசினான். அட்டைப்பெட்டிக் கம்பெனியின் முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“பயிற்சிக்குக் கட்டணம் யார் கட்றா?”

“அரசாங்கம்.”

“அப்புறம் உனக்கென்ன வலிக்குது?”

“வாரத்துல ஒரு நாள் சம்பளத்தோட லீவு நாம தரணுமே! நாற்பது வயசு தாண்டினவங்க எட்டுப் பேர் இருக்காங்க. அவங்களுக்குக் கம்ப்யூட்டர்ல பெட்டி வரையச் சொல்லிக் கொடுப்பாங்களாம், லேசர் மெஷின்ல வெட்டச் சொல்லிக் கொடுப்பாங்களாம். நம்மகிட்ட லேசர் மெஷினே கிடையாது. கார் இல்லாதவனை டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்புற மாதிரி இருக்கு.”

அவள் பயிற்சி விண்ணப்பங்களை எடுத்தாள். எட்டுப் பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

“சரி, மூணு வருஷம் இங்கேயே வேலை செய்யணும்னு பாண்டாவது எழுதி வாங்கிக்கலாம்.”

“ஒண்ணும் வேணாம்.”

அக்கா ‘ஒண்ணும் வேணாம்’ என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆட்களைக் கவனிப்பது தம்பி. வாடிக்கையாளர்களைப் பார்த்து ஆர்டர் பிடிப்பது அக்கா. இத்தனை காலமும் கம்பெனி அப்படித்தான் ஓடியது.

ஆனால் எட்டுப் பேரில் ஒருவர் போக மறுத்தார். வெட்டும் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று, ரகசியத்தைக்கூடக் கத்திச் சொல்லிப் பழகிவிட்டவர். எல்லோரும் அவரை ‘ஒலிபெருக்கி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுத்துட்டேன்மா! இப்பப் போயி பென்சில் டப்பாவோட உட்காரச் சொல்றீங்களே! மருமகன் சிரிக்க மாட்டாரா?” என்று அவர் கேட்டது தெருவுக்கே கேட்டது.

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாரு. வகுப்புக்குப் போகலன்னா நாளைக்கு வேலைக்கும் வராதீங்க அண்ணே.”

அவள் இவ்வளவு கறாராகப் பேசி யாரும் பார்த்ததில்லை. ஒலிபெருக்கி முணுமுணுத்துக்கொண்டே போனார். அந்த முணுமுணுப்பும் எல்லோருக்கும் கேட்டது.

வகுப்பில் முதலில் அவருக்கு மௌஸைப் பிடிக்கவே தெரியவில்லை. அம்புக்குறி திரையில் ஓடி ஒளிந்து விளையாடியது. திரும்பி வந்து, “தலைக்குள்ள ஒண்ணும் ஏறலம்மா” என்பார். “ஏறும், போங்க” என்பாள் அவள். மற்ற ஏழு பேரிடமும் ஒவ்வொரு வாரமும் துருவித் துருவிக் கேட்பாள். ‘பள்ளிக்கூட வாத்தியாரம்மா’ என்று அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் விழுந்தது.

மழைக்காலம் முடிகிற நேரத்தில், ஒலிபெருக்கி ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். பசை கிடையாது, பின் கிடையாது. மடித்தால் தானாகவே பூட்டிக்கொண்டது.

“நானே வரைஞ்சதும்மா! நானே வெட்டினேன்!”

அவள் அதைப் பிரித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள். “இதை வேற எங்க போனாலும் உங்களால செய்ய முடியுமா?”

“மெஷின் மட்டும் இருக்கட்டும், எங்க வேணா செய்வேன்!”

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “நீங்களே எடுத்துக் கொடுக்கறீங்களே அக்கா!”

அவன் பயந்தது நடந்தது. பயிற்சி முடிந்து எட்டுப் பேரும் சான்றிதழ் வாங்கிய வாரமே, பக்கத்துத் தெரு கம்பெனியிலிருந்து ஒலிபெருக்கிக்கு ஆள் வந்துவிட்டது.

அவர் நேராக முதலாளியம்மாவின் அறைக்கு வந்து நின்றார். அன்றைக்குத்தான் அவர் குரல் முதன்முதலாகத் தாழ்ந்திருந்தது.

“கூப்பிட்டாங்கம்மா. சம்பளமும் கூடத்தான். வரலைன்னு சொல்லிட்டேன். உங்க தயவுல படிச்சிட்டு உங்களுக்கே துரோகம் பண்ணுவேனா?”

தம்பிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “பார்த்தீங்களா அக்கா, மனுஷன்னா இவர்தான்!”

ஆனால் அவள் முகம் சுருங்கியது. “யாரு உங்களை வரலைன்னு சொல்லச் சொன்னது?”

“அம்மா... என்னை வேணாம்னு சொல்றீங்களா?”

“நாளைக்கே அங்க போய் வேலையில சேர்ற வழியைப் பாருங்க. சாயங்காலம் எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க, பேசணும்.”

அடிபட்ட மாதிரி அவர் வெளியே போனார். கதவு சாத்தியதும் அவள் போனை எடுத்துப் பக்கத்துத் தெரு முதலாளியை அழைத்தாள்.

“அண்ணா, அவர் வருவார். மத்த ஏழு பேரும் நல்லா கத்துக்கிட்டாங்க. அவங்களுக்கும் ஒரு இடம் பாருங்க.”

“அக்கா, உங்களுக்குப் பைத்தியமா?” தம்பி எழுந்தே விட்டான். “எல்லாரையும் தூக்கிக் கொடுத்துட்டா, கம்பெனியை யார் நடத்துறது?”

“நடத்த கம்பெனி இருந்தாத்தானேடா? நம்ம பெரிய ஆர்டர் மொத்தமும் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறுதுன்னு, இந்தப் பயிற்சிச் சுற்றறிக்கை வர்றதுக்கு முன்னாடியே ஆர்டர் கொடுக்கறவங்க என்கிட்ட சொல்லிட்டாங்க. வேலையில இருக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பயிற்சி, வேலை போனவங்களுக்குக் கிடையாது. அதனாலதான் சில்லறை ஆர்டரை வச்சு இதுவரைக்கும் இழுத்துப் பிடிச்சேன்.”

தம்பி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான். “அப்போ... இனிமே மூடிடப் போறீங்களா?”

“இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவேன்” என்றாள் அக்கா. “உனக்கும் நாற்பது தாண்டிடுச்சு, திங்கட்கிழமை உன் வகுப்பு ஆரம்பிக்குது.”