பனியுகம், பிரளயம், ரஞ்சினி

சங்கத் தலைவர் மகாதேவன் அங்கிள் வரவேற்புரையை முடிக்கிற பாடாக இல்லை.

"ஐந்தே நிமிடம்" என்று மைக்கைப் பிடித்தவர், ஐம்பது நிமிடமாக விடவில்லை.

திரைக்குப் பின்னால் நான் புலிக்கோடு போட்ட படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு விறைத்துப்போய் நின்றேன். ஜூலை மாதத்து மெரிலேண்ட்ஸ்; சிட்னியில் அது நடுக்குளிர்காலம். பனியுகத்துக்கென்று தனியாக ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை.

1978இல் சிட்னியில் நாங்கள் போட்ட முதல் நாடகம் அது. ஒரே குடும்பம் பனியுகம், பிரளயம், யுத்தம் மூன்றிலும் தப்பிப் பிழைக்கும். நான் கணவன், ரஞ்சினி மனைவி.

உண்மையைச் சொன்னால், கடைசிக் காட்சிக்காகத்தான் முழு நாடகத்தையும் எழுதினேன். யுத்தம் முடிந்த சாம்பலில் நின்று நான் கேட்க வேண்டும்: "எல்லாம் அழிஞ்சு போச்சு. இனியும் என்னோட இருப்பீரா?" ரஞ்சினி "ஓம்" என்று சம்மதம் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடமாக ரயிலில் அவள் பக்கத்தில் இருந்தும் கேட்க வாய் வராத கேள்வி. மேடையில் கேட்டால் அவள் முகத்தைப் பார்த்துப் பதிலைத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு விசர் எண்ணம்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற வெள்ளைக்காரர் ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். மேடையில் யார் செத்தாலும் அணைப்பார்.

அங்கிள் இறங்கும்போது ஐந்து ஐம்பது.

பனியுகத்தை நாலு நிமிடத்தில் முடித்தோம். கம்பளிக்குள் சடை யானையாக இருந்த இரண்டு இஞ்சினியர்மாரும் வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினார்கள். பிரளயத்தில் யோகா அக்கா நீலச் சேலையை அலையாக ஆட்டிக்கொண்டிருந்தபோதே மண்டபம் இருண்டது.

நாசமாய்ப் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் இருட்டுக்குள் ரஞ்சினியின் குரல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, கணீரென்று.

"ஓம்!"

சனம் கைதட்டியது. எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது.

ஆட்கள் வெளியே போவதற்காக வெள்ளைக்காரர் மனமிரங்கி லைட்டைப் போட்டார். முதல் வரிசையில் மகாதேவன் அங்கிள் தலையில் கைவைத்தபடி இருந்தார். மடியில் ரஞ்சினியின் நாடகப் பிரதி, மூன்றாம் அங்கத்தில் விரிந்து கிடந்தது.

ரஞ்சினியைப் பெற்ற தகப்பன் அல்லவா, முழுவதையும் வாசித்திருக்கிறார்.

என்னை நிமிர்ந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"அந்தக் கேள்வியையும் கேட்டுத் துலையும் தம்பி. சனத்துக்கு ஒண்டும் விளங்கேல்ல."