பக்கத்து இருக்கையில் மேஜர்

மேஜர் ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"போவமா, மல்லி?" என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி.

கேதீஸ் ஓட்ட, சிவப்பு ஹொண்டா கூபே கார் உறுமிக்கொண்டு புறப்பட்டது.

களுத்துறைப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுபாதையில் அன்று கார்ப் பிரியர்களின் நாள். போட்டி இல்லை. அவரவர் தங்கள் காரை ஆசைதீர ஓட்டிப் பார்க்கலாம். சுற்றிவர முட்கம்பி வேலி. வாசலில் துவக்கோடு சென்றிக்காரன் காவல் நின்றான்.

வந்தவர்களில் தமிழன் கேதீஸ் மட்டுந்தான். காலையில் அம்மா பூசிவிட்ட திருநீற்றைப் பாணந்துறை தாண்டும்போதே துடைத்துவிட்டிருந்தான். ஆனாலும் சென்றிக்காரன் அவனுடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேஜர் வந்து, "இவன் என்னுடைய ஆள்" என்று சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

கேதீசுக்கு வெள்ளவத்தையில் ஒரு சின்ன கராஜ் இருந்தது. மேஜர் தன் சொந்தக் காரை அங்கேதான் திருத்தக் கொடுப்பார். வேகமாக ஓடுகிற கார் என்றால் அவருக்குப் பைத்தியம். அது தெரிந்ததும் கேதீஸ் பேலியகொடையில் அடிபட்டுக் கிடந்த இந்தக் கூபேயை வாங்கினான். தட்டி நிமிர்த்தி, எஞ்சினை இறக்கிப் பூட்டி, பெயின்ற் அடித்து கராஜ் வாசலில் நிறுத்தினான்.

"ஒருநாள் என்னையும் இதிலே கூட்டிக்கொண்டு போ" என்று மேஜர் தானாகக் கேட்கும்வரை பொறுத்திருந்தான்.

முதல் சுற்றில் மேஜர் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். முன்சக்கரங்கள் காரை இழுத்துக்கொண்டு வளைவுக்குள் புகும்போதெல்லாம் முழங்காலில் தட்டினார். இன்னும் வேகம், இன்னும் வேகம் என்றார்.

கேதீஸ் பெடலை இன்னும் அழுத்தினான். ஹெல்மட்டுக்குள் அவனுடைய மூச்சு அவனுக்கே பெரிதாகக் கேட்டது.

கராஜுக்கு வரும்போது மேஜரோடு எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். டெலிபோனில் கேட்கக்கூடிய விசயமில்லை. இந்தக் காருக்குள் மட்டுந்தான் அவரும் அவனும் தனியே.

இரண்டாவது சுற்றில், நேர்ப்பாதைக்கு வந்ததும் வாயைத் திறந்தான். எத்தனையோ தரம் சிங்களத்தில் சொல்லிப் பழகிய வசனம் மறந்துபோயிற்று. தமிழ்தான் வந்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்தவேண்டியிருந்தது.

"சேர், என்ர தம்பியைக் கண்டனீங்களா? நிமலன்! நிமலன் எண்டு பேர்!"

வீட்டுக்கு வெளியே அந்தப் பேரை அவன் உரத்துச் சொல்லி வெகுகாலம். இராணுவச் சுற்றிவளைப்பொன்றில் உடுத்த சாரத்தோடு பிடித்துக்கொண்டு போன தம்பி. மேஜர் இருந்த முகாமில்தான் அவனைக் கண்டதாக, விடுபட்டு வந்த ஒருவன் சொல்லியிருந்தான். போய்க் கேட்டால் கேட்டவனையும் உள்ளே போடுவார்கள் என்று சொந்தக்காரர் எல்லோரும் தடுத்தார்கள்.

மேஜரின் சிரிப்பு நின்றது.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தார். அந்த வேகத்தில் அவராலும் எங்கேயும் இறங்கிப் போக முடியாது.

வளைவு கிட்ட வந்தது.

"அந்தப் பொடியன் நல்லாப் பாட்டுப் படிச்சது" என்றார். வடக்கில் இருந்த காலத்தில் பழகிய தமிழ். கொஞ்சம் பொறுத்து, "அம்மாக்குச் சொல்லுங்க. இனித் தேட வேணாம்."

தம்பி பாடுவான் என்று கேதீஸ் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவனை அறியாமலே கால் பெடலை விட்டு எழும்பியது. முன்சக்கரம் இழுக்கிற காரில், அதுவும் வளைவின் நடுவில், அப்படிக் காலை எடுக்கவே கூடாது. பாரமெல்லாம் முன்னுக்குச் சரிய, பின்பக்கம் இலேசாகி வழுக்கிக்கொண்டு சுற்றியது. வேலி, தென்னைகள், கூடாரங்கள், மறுபடியும் வேலி. கார் புல்லுக்குள் இறங்கி, வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

எஞ்சின் நின்றுவிட்டது.

மேஜரின் ஆட்கள் துவக்குகளோடு ஓடிவந்தார்கள். ஒருவன் கதவைத் திறந்து கேதீசின் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். பெல்ட் விடவில்லை. இழுத்த இழுப்பில் மூச்சுத் திணறியது.

மேஜர் கையை உயர்த்தினார்.

"விடு. நான்தான் வேகமாகப் போகச் சொன்னேன்" என்றார் சிங்களத்தில். கேதீசின் முகத்தைப் பார்க்காமலே இறங்கி நடந்தார்.

அவர் சொல்லாமல் கேதீசால் வாசலைக் கடக்க முடியாது. அவரோ கூடாரத்துக்குள் கூட்டாளிகளோடு பியர் குடித்துக்கொண்டிருந்தார். கார் சுழன்ற கதை அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தனக்கும் ஒரு சுற்றுக் காட்டும்படி இன்னொரு அதிகாரி வந்து ஏறினார். அவர் இறங்க அவருடைய மனைவி ஏறினாள்.

கேதீஸ் ஓட்டினான். அவர்கள் சிரித்தபோது அவனும் சிரித்தான். வளைவில் காலை எடுக்கவில்லை.

பொழுதுபடுகிற நேரத்தில்தான் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தான். அம்மா வீட்டுக் கேற்றடியில் நின்றாள். கார் நிற்க முன்னமே ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"கேட்டனியே? என்னவாம்?"

அவன் பெல்ட்டைக் கழற்றாமல் கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"தம்பி அங்க நல்லாப் பாடுறானாம், அம்மா."