இழுத்துப் பாத்தியா?

பெரியவர் இன்றும் தரையில்தான் கிடந்தார். குப்புற விழுந்து, ஒரு கை கட்டிலுக்கு அடியில். ஆள் உருண்டு விழாமல் தடுக்கும் பக்கக் கம்பி கீழே இறங்கியிருந்தது.

நேற்று மாலை கம்பியை உயர்த்திப் பூட்டியது அவள்தான்.

"மணல் மூட்டைக்குக் கால் முளைச்சிடுச்சா, மெக்கானிக்கல்?" என்று சிரித்தபடி ஃபிட்டர் அண்ணன் பெரியவரைத் தூக்க வந்தார். ஆள் கனத்துக்கு மணல் அடைத்த அந்தப் பொம்மைக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தவரே அவர்தான். ஆஸ்பத்திரிக் கட்டில்களைச் சோதிக்கும் அந்தக் கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்த மெக்கானிக்கல் மாணவி அவள் ஒருத்தி என்பதால், அவளுக்கும் ஒரு பெயர். கூடப் படித்தவர்கள் கார் கம்பெனிகளுக்கு ஓடியபோது அவள் கேட்டு வாங்கிய இடம் இது.

இன்சார்ஜ் சிரிக்கவில்லை. "பூட்ட மறந்துட்டேன்னு ஒத்துக்கோ."

"பூட்டினேன் சார். இழுத்துக்கூடப் பாத்தேன்."

"இதே பூட்டு இருபது வருஷமா எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்கு. பூட்டு மறக்காதும்மா, மனுஷங்கதான் மறப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள எப்படி விழுந்தாருன்னு காட்டு. இல்லேன்னா பெட்டியக் கட்டு."

இழுத்துப் பார்ப்பது அம்மா ஊட்டிய பழக்கம். தினமும் போனில் அதே பேச்சுதான்.

"ரூம் கதவப் பூட்டினியா?"

"பூட்டிட்டேம்மா."

"இழுத்துப் பாத்தியா? இன்னொரு தடவ பாரு கண்ணு."

வீட்டிலும் அம்மா தூக்கத்தில் எழுந்து எழுந்து தாழ்ப்பாளைத் தடவிப் பார்ப்பாள். நர்ஸ் வேலையை விட்டதிலிருந்து இப்படித்தான். வார்டில் ஒரு நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தார் என்பதற்கு மேல் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

பெரியவரை மறுபடி கட்டிலில் கிடத்தி, அவள் கம்பியைப் பூட்டினாள். பூட்டுக்குள்ளிருக்கும் இரும்பு முளையும் அது நுழையும் துளையும் சேரும் இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். காற்று மெத்தையை ஓடவிட்டு, பெரியவரின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

படுக்கைப் புண் வராமலிருக்க அந்த மெத்தையின் அறைகள் மாறி மாறி உப்பும், வற்றும். பார்த்தால் மூச்சு விடுவது போலிருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் பெரியவர் கம்பியை லேசாக நெட்டினார்.

மத்தியானம் கோடு இரண்டாகியிருந்தது. ஒரு பாதி மயிரிழை தள்ளி நின்றது.

அவளுக்குப் புரிந்தது. நெட்டும்போது முளை துளி வெளியே வருகிறது. அதை உள்ளே தள்ள வேண்டியது ஸ்பிரிங். ஆனால் கம்பியின் பாரம் முளையைக் கவ்விக்கொள்வதால் ஸ்பிரிங்கால் முடியவில்லை. வந்த துளி வந்ததுதான்.

சாயங்காலம் முளை கழலும் நிலைக்கு வந்ததும் இன்சார்ஜைக் கூட்டி வந்து கட்டிலருகே நிறுத்தினாள். யாரும் எதையும் தொடவில்லை. கம்பி தானாகச் சரிந்தது. பெரியவர் மெல்லப் புரண்டு அவர் காலடியில் விழுந்தார்.

இன்சார்ஜ் குனிந்து பூட்டையே பார்த்தார். "அப்போ இத்தனை வருஷமா..." என்று முனகியபடி முளையை விரலால் தடவினார்.

அவள் வராந்தாவுக்கு வந்து போன் போட்டாள்.

"அம்மா, அன்னைக்கு வார்டுல நீ கம்பியப் பூட்டித்தான் இருந்தே. அது தானா கழலுது."